ஈரத்தலை விரதம்

உட்காருங்க தங்கச்சி. கேட்டு தெறக்க இன்னும் செத்த நேரம் ஆகும். வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுட்டு, நீச்சல் குளத்துல கெடக்க இலையெல்லாம் வலை வச்சு அள்ளிட்டுத்தான் வருவாரு. அவரு வாரதுக்குள்ள நீங்க ஓடிரக் கூடாது. நேத்தும் வந்தீங்க, முந்தாநாளும் வந்தீங்க. இந்த வேப்பமரத்தடியில நின்னு உள்ள எட்டி எட்டிப் பாத்தீங்க, நாங்கெல்லாம் உள்ள போனதும் ஸ்கூட்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. நான் பாக்கலைன்னு நெனைச்சீங்களோ? என் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது. இந்தச் செண்பகத்துக்குத் தெரியாம ஒரு எறும்பு நகர முடியாது, எங்க வீட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

பையில ட்ரெஸ்ஸு வச்சிருக்கீங்களா? புதுசா? பெறவென்ன. கூச்சப்படாதீங்க, உள்ள பூராவும் பொம்பளையாளுதான். கோச்சும் பொம்பளைதான், பிரிசில்லா மிஸ்ஸு. வாட்ச்மேன்கூட நம்ம பேட்ச் முடியுறவரைக்கும் இந்தா இந்த ஸ்டூலைப் போட்டு வெளியதான் உட்காந்திருப்பாரு. குளிருதா? இது ஆடிக் காத்து, இதெல்லாம் ஒரு குளிரா? நான் சேந்தது மார்கழியில. கேளுங்க அந்தக் கூத்தை.

எனக்குப் பொறந்த ஊரு விளாத்திகுளம் பக்கம். எங்க ஊர்ல தண்ணியக் குடத்துக்குள்ளதான் பாப்போம். கம்மாய் உண்டு, அதுல ஆடுதான் மேயும். வாக்கப்பட்டது ஆத்தங்கரைக்காரங்க குடும்பத்துல. கல்யாணம் ஆன புதுசுல எல்லாருமா ஆத்துக்குக் குளிக்கப் போனோம். அவுக வீட்டுல நண்டு சிண்டுலேருந்து அத்தனையும் தண்ணியில கெடக்கு. நான் மட்டும் படித்துறையில ஒரு சொம்பை வச்சு மோந்து மோந்து ஊத்திக்கிட்டு உட்காந்திருக்கேன். அன்னைக்கு அவுக சிரிச்ச சிரிப்பு இருக்கே, மக படிச்சு முடிச்சு சென்னையில வேலைக்குப் போயிட்டா, இன்னும் என் காதுல கேக்கு. சரி, சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக. மனசுக்குள்ள ஒண்ணு வச்சிருந்தேன், என்னைக்காவது ஒருநா ஆழத்துல கால் தரையில படாம இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போயிரணும்னு. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அதுக்கும் சிரிப்பாக.

பெறவு மூட்டுவலி வந்துச்சு. டாக்டரம்மா பாத்துட்டு, ரோட்டுல நடக்காதீங்க, தண்ணிக்குள்ள நடங்க, முடிஞ்சா நீச்சல் படிங்கன்னு சொல்லிட்டாக. எனக்கு உள்ளுக்குள்ள வெடி வெடிச்ச மாதிரி ஒரு சந்தோஷம். ஆனா வீட்டுல எப்படிச் சொல்ல? எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன்தான், பிளைவுட் கடை வச்சிருக்காக. ஆனா எதை எடுத்தாலும் ஊர் என்ன சொல்லும்பாக. வீட்டு ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்டு அடிக்கவே ஊர் என்ன சொல்லும்னு யோசிச்ச ஆளு அவுக. அவுகளைக்கூட சமாளிச்சிருவேன். மதினியைச் சமாளிக்க முடியாது.

மதினின்னா எங்க வீட்டுக்காரருக்கு நேர் மூத்த அக்கா, ஆவுடையம்மா. அவுகளைக் கட்டின அண்ணாச்சி சின்ன வயசுலயே தவறிட்டாக, புள்ளை குட்டியும் கெடையாது. அன்னையிலேருந்து எங்க கூடத்தான். பீரோச் சாவி அவுக இடுப்புல, அடுப்படி அவுக கையில. ரொம்பப் பேச மாட்டாக. ஒரு பார்வை பாத்தாகன்னா பால்காரன் தண்ணி ஊத்த யோசிப்பான். ஒருநா டிவியில பொம்பளைப் புள்ளைக நீச்சல் போட்டி ஓடுது. நான் ஆழம் பாப்போமேன்னு, என்ன மதினி இப்படி நீந்துதுகன்னேன். அவுக பாத்துக்கிட்டே இருந்தாக, பெறவு மூஞ்சியச் சுளிச்சு, "கையை வீசுத லச்சணத்தைப் பாரு"ன்னுட்டு டிவியை அமத்திட்டு உள்ள போயிப் படுத்துட்டாக. அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்ல. பாத்துக்கிடுங்க, அந்த ட்ரெஸ்ஸைப் பாத்த அருவருப்புல ஒரு மனுசிக்குச் சாப்பாடே எறங்கல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுல நீச்சல்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு.

ஆனா எடுக்காமலே வந்து சேந்துட்டேன். மார்கழி பொறந்த அன்னைக்கு, விடியுமுன்ன வாக்கிங் போறேன்னு கெளம்பி இங்கன வந்தேன். பிரிசில்லா மிஸ்ஸு என்னைக் கொறைஞ்ச ஆழத்துல எறக்கி விட்டாக. தண்ணியா அது, ஐஸு. ஓரத்துக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னது நின்னபடி ஒரு மணி நேரம் நடுங்கிட்டு, ஈரத்தலையோட வீட்டுக்குத் திரும்புதேன். தெருவுல எங்க எதுத்த வீட்டு சொர்ணம் அக்கா வாசல்ல பெரிய கோலமாப் போட்டு நடுவுல பூசணிப் பூ வச்சுக்கிட்டு இருக்கா. நிமிந்து பாத்தா. நான் சேலை கட்டி, தலையெல்லாம் நனைஞ்சு, ஒதடு வெடவெடன்னு ஆடிக்கிட்டு வாரேன். கையெடுத்துக் கும்பிடாத குறையா, "மார்கழி நீராடிட்டுக் கோயிலுக்கா போயிட்டு வார செண்பகம்?"னு கேட்டா.

நான் பொய் சொல்லல தங்கச்சி. அதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. தலையைத்தான் ஆட்டினேன். குளிருல தலை தானா ஆடிச்சுன்னும் சொல்லலாம்.

நான் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால சேதி உள்ள போயிட்டு. மதினி அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, கோயிலுக்கா போனன்னு கேட்டாக. ஆமா மதினி, பெருமாள் கோயிலுக்கு, மூட்டுவலிக்கு ஒரு வேண்டுதல்னு போட்டு விட்டேன். அவுக என் தலையைப் பாத்தாக, கண்ணைப் பாத்தாக. கண்ணு ரெண்டும் பிளீச்சிங் பவுடர்ல செவசெவன்னு இருக்கு. பக்கத்துல வந்து லேசா மோந்துகூடப் பாத்தாகன்னு வையுங்க. பெறவு சுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, "நாளையிலேருந்து தலைக்கு நல்லாத் தேங்காயெண்ணெய் வச்சு இறுக்கி முடிஞ்சுட்டுப் போ"ன்னாக. எண்ணெய் வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது அவுக குடும்பத்துப் பழக்கம் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு, எண்ணெய் வச்சா இந்த மருந்துத் தண்ணி முடிய ஒண்ணும் பண்ணாது. எனக்கு அதுல ஒரு லாபம்.

அன்னையிலேருந்து நான் தெருவுக்கே பக்தை. நெசமாவே கோயிலுக்கும் போயிருவேன், சாமி விசயத்துல ஏமாத்தக் கூடாதுலா. இங்க முடிஞ்சதும் அந்தா தெரியுதுல்லா கோபுரம், அங்க ஒரு ஓட்டம். தீர்த்தம், துளசி, தொன்னையில சுடச்சுட சக்கரைப் பொங்கல். நீந்துன பசிக்கு அந்தப் பொங்கல் இருக்கே, அடடா. மார்கழி முடியுறதுக்குள்ள நான் ஒரு சுத்து பெருத்துட்டேன். பிரிசில்லா மிஸ்ஸு தலையில அடிச்சுக்கிட்டாக, நீச்சல்ல எளைச்சவங்களைப் பாத்திருக்கேன், உங்களை மாதிரிப் பாத்ததில்லம்மான்னு.

ட்ரெஸ்ஸுதான் பெரிய ரோதனை. அதை மொட்டைமாடிக் கொடியில போட்டு மேல ஒரு பழைய சேலையை விரிச்சு மறைச்சிருவேன். ஆனா சில நாளு போயிப் பாத்தா ட்ரெஸ்ஸு நெழல் பக்கம் தள்ளி, உள்பக்கம் வெளிய தெரியுறாப்புல திருப்பிக் கெடக்கும். எங்க மாடியில காத்து அப்படி அடிக்கும். மதினிக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு, தினமும் வத்தல் காயப்போட ஏறுவாக, ஆனா ஒருநாகூட அவுக கண்ணுல அது படல. அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரத்தனமா மறைச்சிருந்தேன்.

எல்லாம் சரி, நீச்சல் வரணும்ல. வரல. எல்லாரும் மெதக்காக, நான் முங்குதேன். எனக்குப் பெறவு சேந்த காலேஜுப் புள்ளைகள்லாம் அந்தக் கரைக்குப் போயிட்டு வருதுக, நான் கம்பியையே கட்டிக்கிட்டு நிக்கேன். மூக்கு வழியாத் தண்ணி ஏறி மண்டைக்குள்ள சுர்ருன்னு எரியும். தைப் பொங்கலுக்கு மொத நாளு முடிவு பண்ணிட்டேன், போதும் சாமி, மார்கழி முடிஞ்சா சாக்கும் முடிஞ்சுது, இந்தச் சவத்தை இத்தோட விட்டுரலாம்னு. அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போகையில அழுகையா வந்துச்சு தங்கச்சி. ஒரே ஒரு ஆசை, அதுவும் நமக்கு எழுதல போலன்னு இருந்துச்சு.

பொங்கல் முடிஞ்ச மறுநா, இழுத்துப் போத்திப் படுத்திருக்கேன். இருட்டோட இருட்டா அடுப்படியில ஒரே உருட்டல். சட்டியும் பானையும் அந்தப் பாடு படுது. பெறவு மதினி என் கட்டிலுக்கிட்ட வந்து நின்னாக. மார்கழிதான் முடிஞ்சுட்டே மதினின்னேன். "தையில வரக் கூடாதுன்னு எந்தப் பெருமாள் சொன்னாரு? ஆரம்பிச்சதைப் பாதியில விட்டா தெய்வக் குத்தம். எந்திரி"ன்னாக. காப்பி வேற கையில தயாரா இருக்கு. தெய்வக் குத்தம்னதும் போர்வைய உதறினேன். எந்திச்சு வந்துட்டேன். பாத்தீங்களா, அவுக பக்திதான் அன்னைக்கு என் நீச்சலைக் காப்பாத்துச்சு. பாவம், அது அவுகளுக்கே தெரியாது.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மதினி ஆத்தங்கரையில வளந்தவுகதான? சின்னப் புள்ளையில நீந்தியிருப்பாகல்லா? பேச்சு வாக்குல கறந்துரலாமேன்னு தோணிச்சு. ஒரு மத்தியானம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கையில, சும்மா பொழுது போகாம கேக்குத மாதிரி, ஆத்துல எப்படி மதினி மெதப்பீங்கன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். கீரையக் கீழ போட்டுட்டு எந்திச்சுட்டாக. பாயை விரிச்சு என்னையக் குப்புறப் படுக்கச் சொன்னாக. கழுத்தைத் தூக்காத, தூக்கினா இடுப்பு தாழும், தலையைத் தொங்கப் போடுன்னாக. முழங்கையைப் புடிச்சு மேல தூக்கி, தோளைத் திருப்பி, அஞ்சு வெரலையும் சேத்து வச்சு, தண்ணிய அடிக்காத, பின்னால தள்ளுன்னாக. மூச்சை வாயில இழுத்து மூக்குல விடுன்னாக. கீரை வாடிப் போச்சு, என்னைய விடல. அதுக்குப் பெறவு தினமும் மத்தியானம் இந்தக் கூத்துதான். நான் கேக்காமலே பாயை விரிச்சிருவாக. வயசானா அப்படித்தான் போல, பழைய நெனப்பு வந்துட்டா நிறுத்த மாட்டாக. நானும் ஆசைப்பட்டுக் கேக்குத மாதிரி நடிச்சு நடிச்சு எல்லாத்தையும் கறந்துக்கிட்டேன்.

மாசி பொறக்கையில நான் மெதந்துட்டேன். பிரிசில்லா மிஸ்ஸுக்கே ஆச்சரியம், திடீர்னு எப்படிம்மா கை இவ்வளவு அழகா வருதுன்னு கேட்டாக. எல்லாம் தானா வருதுன்னுட்டேன்.

ஆனா இந்தப் பேட்ச்சுக்கு ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கும் சொல்லி வைக்கேன். சேந்து மூணு மாசத்துக்குள்ள ஆழத்தைத் தாண்டிரணும். தாண்டாட்டி சாயங்காலப் பேட்ச்சுக்கு மாத்திருவாக. புதுசா வாரவுகளுக்கு எடம் வேணும்லா. சாயங்காலம்னா எனக்கு ஏது கோயில், ஏது ஈரத்தலை? சாயங்காலம் அடுப்படியை விட்டு நகர முடியுமா? மாத்திட்டா என் நீச்சல் அத்தோட முடிஞ்சுது. ஒரு சனிக்கிழமையைக் குறிச்சு, அன்னைக்கு நீங்க தாண்டுதீங்கன்னு மிஸ்ஸு சொல்லிட்டாக. எனக்கு அன்னையிலேருந்து சோறு எறங்கல, தூக்கம் இல்ல.

அதே சனிக்கிழமைதான் தெருவுல ஒரு இடி. சொர்ணம் அக்காவும் இன்னும் நாலஞ்சு பேருமா பேசி முடிவு பண்ணியிருக்காக, செண்பகத்தோட சேந்து பெருமாள் கோயிலுக்குப் போவோம், அவ பக்திக்கு நமக்கும் ஏதாவது கெடைக்கும்னு. விடியுமுன்ன தலைக்கு ஊத்தி, பட்டுச் சேலை கட்டி, பூத்தட்டோட எங்க வாசல்ல வந்து நிக்காக. நான் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வாரேன். பைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இவுகளைக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போனா நீச்சல் போச்சு. போகாட்டி மானம் போச்சு. வாயத் தொறக்கேன், காத்துதான் வருது.

அப்பத்தான் மதினி வெளிய வந்தாக. நடு வாசல்ல நின்னுக்கிட்டு, "அவகிட்ட பேச்சுக் குடுக்காதீங்க. மௌன விரதம். துணைக்கு ஆளு போனா விரதம் கலைஞ்சிரும். நீங்க அடுத்த வாரம் என் கூட வாங்க"ன்னாக. சொன்ன வேகத்துல அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டுட்டாக. சொர்ணம் அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டா. நான் பேசாம நடந்து வந்துட்டேன்.

எனக்கே ஆச்சரியம் தாங்கல. நான் மௌன விரதம்னு மதினிகிட்ட சொல்லவே இல்லையே. பெறவுதான் புரிஞ்சுது, ரெண்டு மூணு நாளா நான் பயத்துல பேசாமத் திரிஞ்சேன்லா, அதைப் பாத்து அவுகளே விரதம்னு முடிவு கட்டியிருக்காக. என் மேல அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைய நெனைச்சு எனக்கு மனசு கொஞ்சம் சங்கடமாக்கூட இருந்துச்சு. ஆனா ஒண்ணு தங்கச்சி, திரும்பி வாரப்ப தெரு பூராவும் வாயை மூடிக்கிட்டு வரணும்லா. ஆழத்தைத் தாண்டுனது ஒரு கஷ்டம்னா அது ஒம்பது கஷ்டம்.

தாண்டுனேன். எப்படித் தாண்டுனேன்னு கேட்டா சொல்லத் தெரியல. மிஸ்ஸு கரையோரமா ஒரு கம்பை நீட்டிக்கிட்டே கூட நடந்து வந்தாக. பாதி தூரத்துல கீழ பாத்தேன். கீழ கட்டம் கட்டமா நீலத் தரை, எங்கேயோ கெடக்கு. கால் எங்கயும் படல. ஐயோன்னு கழுத்தைத் தூக்கப் போனேன், அதுக்குள்ள பாயில படுத்திருக்கையில கேட்ட கொரல் காதுக்குள்ள வந்துட்டு. தலையத் தொங்கப் போட்டேன், தண்ணியப் பின்னால தள்ளினேன். சுவரு கையில தட்டுச்சு. பேட்ச் பூராவும் கை தட்டுதாக. எனக்கு அப்படியே கத்தணும் போல இருந்துச்சு, விளாத்திகுளம் வரைக்கும் கேக்க.

வீட்டுக்குப் போனா பால் பாயசம் வாசம். என்ன மதினி விசேஷம்னேன். சும்மாதான், பால் மிச்சம் இருந்துச்சுன்னாக. ஒரு டம்ளரை என் கையில குடுத்துட்டு எதுத்தாப்புல உட்காந்தாக. நான் ரெண்டு வாய் குடிச்சிருப்பேன். அவுக என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, "நடு ஆழத்துல பயமா இருந்துச்சா?"ன்னு கேட்டாக.

"கொஞ்சம் இருந்துச்சு மதினி, பெறவு சரியாப் போச்சு"ன்னுட்டு மூணாவது வாய் குடிச்சேன். அப்புறந்தான் தூக்கி வாரிப் போட்டுச்சு.

போட்டு வாங்குறதுன்னா இதுதான். அதுவரைக்கும் அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது, சத்தியம் பண்ணுவேன். எங்கேயோ ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கும், குருட்டாம்போக்குல ஒரு கல்லை எறிஞ்சு பாத்திருக்காக. பாயச ருசியில நானா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். அத்தனை மாசம் கண்ணுல மண்ணைத் தூவின என் கெட்டிக்காரத்தனம் ஒரு டம்ளர்ல போச்சு.

இப்ப என்ன செய்ய? அவுக தம்பிகிட்ட, அதான் எங்க வீட்டுக்காரருகிட்ட, சொல்லிட்டாகன்னா எல்லாம் முடிஞ்சுது. அப்பத்தான் எனக்கு மூளை ஓடுச்சு. கூட்டுச் சேத்துட்டா காட்டிக் குடுக்க மாட்டாகல்லா? "மதினி, நீங்களும் வாங்களேன்"னேன்.

அவுக கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சாக. எந்திச்சு உள்ள போயிட்டாக. சரி, தம்பிக்குப் போன் போடப் போறாகன்னு நான் பெருமாளை நெசமாவே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்தாக. மூஞ்சி கழுவியிருந்தாக, ஆனா கண்ணு செவந்திருந்துச்சு. "என்னையவா கூப்பிடுத?"ன்னு கேட்டாக. ஆமான்னேன். "நாளைக்கேவா?"ன்னாக.

நாளைக்கேன்னா ட்ரெஸ்ஸு? முழுக்கை வச்சு, கணுக்கால் வரைக்கும் இருக்க ஒரு ட்ரெஸ்ஸைத் தேடி அலைஞ்சு வாங்கிக் குடுத்து, ரெண்டு நாளு கழிச்சு கூட்டிட்டு வந்தேன். மிஸ்ஸு, நீச்சல் தெரியுமாம்மான்னு கேட்டதுக்கு, தெரிஞ்சுது, இப்ப மறந்திருக்கும்னாக. அப்ப கொறைஞ்ச ஆழத்துல எறங்குங்கன்னு மிஸ்ஸு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்புனாக. மதினி ஓரத்துல உட்காந்து காலை நனைச்சாக. பெறவு மெதுவா எந்திச்சு, சுவரோரமா நடந்து, ஆழத்துப் பக்கம் போனாக. நான் என்னன்னு கேக்கதுக்குள்ள, தலைகீழா ஒரு பாய்ச்சல். தண்ணி மூடிட்டு. ஆளைக் காணல.

நான் பாக்கேன், பாக்கேன், வரல. அதுவரைக்கும் நான் ஏணியப் புடிச்சுத்தான் எறங்கியிருக்கேன், குதிச்சதே இல்ல. அன்னைக்கு யோசிக்கவே இல்ல தங்கச்சி. மதினின்னு ஒரு கத்து, தொபுக்கடீர்னு விழுந்துட்டேன். எது மேல, எது கீழன்னு தெரியல. தண்ணியக் குடிக்கேன், படிச்ச நீச்சல் ஒண்ணும் நெனப்புல இல்ல. அந்த நேரம் பாத்து என் கொண்டையை ஒரு கை புடிச்சுத் தூக்குது. கண்ணைத் தொறந்தா மதினி. என்னையக் கம்பிக்கிட்ட கொண்டு போயிச் சேத்துட்டு, அவுக நிக்காக, தண்ணியிலயே, தரையில நிக்குத மாதிரி.

அவுக வேற மாதிரி சொல்லுவாக, நம்பாதீங்க. அன்னைக்குக் காப்பாத்தினது நான்தான். நான் குதிக்காட்டி அவுக எதுக்கு மேல வரப் போறாக?

மொதல்ல சிரிச்சாக. எதுக்குளா குதிச்சன்னு கேட்டாக. நீங்க போயிட்டீகளோன்னு பயந்துட்டேன் மதினின்னேன். அப்படியே சிரிப்பு நின்னுட்டு. கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாக. "ஆளானதும் ஆத்துப் பக்கம் போகாதன்னாக. பெறவு கல்யாணம். பெறவு அவரு போயிட்டாரு. பெறவு நான் எங்க போறேன்? நீ தினமும் ஈரத்தலையோட வருவ, எனக்கு ஆத்து நெனப்பா வரும்"னாக. மூஞ்சியில வழிஞ்ச தண்ணியத் தொடச்சாக. பெறவு, "இத்தனை வருசத்துல என்னைய வான்னு கூப்பிட்டது நீ ஒருத்திதாம்ளா"ன்னாக.

நான் எதுக்குக் கூப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவுககிட்ட அதை நான் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க, கும்பிட்டுக் கேக்கேன்.

எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க வீட்டுப் பொம்பளைக ரெண்டு பேரும் விடியுமுன்ன கோயிலுக்குப் போயிருவாகன்னு கடையில பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்காக. போன வாரம் கடையிலேருந்து வாரப்ப ரெண்டு பெரிய துண்டும், தண்ணி ஒட்டாத பை ஒண்ணும் வாங்கிட்டு வந்து குடுத்தாக, கோயிலுக்குப் போறவங்களுக்கு உதவுமேன்னு. அப்பாவி மனுசன், சூதுவாது தெரியாது.

அந்தா, மதினி வந்துட்டாக. கோயில்ல மொதல்லயே துளசியை வாங்கிட்டு வந்துருவாக, திரும்புறப்ப அவசரம் இல்லாம நீந்தலாம்லா. கேட்டும் தெறந்தாச்சு. மிஸ்ஸு உள்ள விசில் ஊதுதாக. நீங்க என்ன இன்னும் ஸ்கூட்டிச் சாவியையே திருகிக்கிட்டு இருக்கீங்க? ரெண்டு நாளா இந்த மரத்தடியில நின்னுட்டு நீங்க திரும்பிப் போனது குளிருக்குப் பயந்து இல்லைன்னு எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தரு கூப்பிடணும்.

நான் கூப்பிடுதேன். வாங்க.